கடுக்காயும் சுண்ணாம்பும் கட்டிய வீடுகள்

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆம்பூரில் பிரியாணிக்கு வண்டியை நிறுத்துவார்கள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். இன்று நாம் அங்கிருந்து பேரணாம்பட்டுச் சாலையில் திரும்புவோம். தோல் தொழிற்சாலைகளின் மதில்கள் முடிந்ததும் தென்னந்தோப்பு வரும், கேழ்வரகுக் கொல்லை வரும், நடுநடுவே பழைய விவசாயக் குடும்பங்களின் ஓட்டு வீடுகள் வரும்.

முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள். குயவர் சக்கரத்தில் குழலாக வனைந்து, இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டது நாட்டு ஓடு. ஒன்றை மல்லாத்தி, அதன்மேல் ஒன்றைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். குரங்கு ஓடினாலே நகர்ந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றியாக வேண்டும். தட்டையாக, ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கிடந்தால் அது மங்களூர் ஓடு. சரிந்து விழுந்த ஒன்றைத் திருப்பினால் தயாரித்தவர்களின் முத்திரை தெரியும். அதில் பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தால், வீடு அந்த ஆண்டில் கட்டியது என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது.

திண்ணை தாண்டி, நடை தாண்டி உள்ளே போனால் வெளிச்சம் கொட்டுகிறதா? அது தொட்டிக்கட்டு வீடு. நாலு பக்கத்துத் தாழ்வாரமும் உள்நோக்கிச் சரிந்து, மழைத் தண்ணீரை நடுத் தொட்டியில் இறக்கிவிடும். தூண் தேக்கா, கருங்கல்லா, மேலே போட்டது பனஞ்சட்டமா என்று பார்த்தாலே, கட்டியவரின் வசதி ஓரளவு புரிந்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சுவர்தான். பூச்சு உதிர்ந்த இடத்தில் நின்று கவனியுங்கள். மண் சுவரென்றால் கிடைக்கோடுகள் தெரியும். ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு வைத்த தடம் அது. வசதியான வீடுகளில் சுண்ணாம்புக் காரை. மெட்ராஸ் ஒட்டு போட்ட மச்சு இருந்தால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. அதே சுண்ணாம்பில்தான் இந்த வட்டாரத்தில் தோலை ஊறவைத்து மயிர் நீக்கினார்கள். அதே கடுக்காயும் ஆவாரம் பட்டையும்தான் அந்தத் தோலைப் பதப்படுத்தின. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய கடுக்காய் தோல் தொட்டிக்கும் போனது, வீட்டுச் சுவருக்கும் போனது. இந்த உறவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கொல்லைப்புறக் கிணற்றையும் பார்த்துவிடுங்கள். விளிம்பில் இரண்டு கல்தூண், பக்கத்தில் மாடுகள் இறங்கி ஏறிய சரிவு. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த, கவலை ஓட்டிய இடம். தண்ணீர் மொண்ட சாலின் வால் தோலால் ஆனது. மோட்டார் வந்ததும் கவலை போயிற்று. பல ஊர்களில் பிறகு தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீரே கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஓடு மாற்றக் காசு தந்தது விளைச்சல். அது போன இடத்தில் கூரையும் இறங்கத்தான் செய்யும்.

இப்படி ஒரு வீடு உங்கள் குடும்பத்துக்கு இருந்தால் ஒரு வேண்டுகோள். விரிசலைக் கண்டதும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், பழைய சுவர் அதனாலேயே உதிரும். சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றி, புளிக்கவைத்து, மணல் சேர்த்து அரைத்துப் பூசுங்கள். வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும், தேடுங்கள். அதில் சேர்க்கக் கடுக்காய் ஜவ்வாது மலையில் இன்றும் கிடைக்கிறது.