ஊதியவருக்கு அரசுச் செலவில் வைத்தியமா?

"ஊதுவது அவர், செலவு மட்டும் நம்முடையதா?" பீடியோ சிகரெட்டோ பிடித்து நோயாளியானவருக்கு அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை என்றதும் எழுகிற கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்காக வரி கட்டுகிறார், வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. தெரிந்தே நோயைத் தேடிக்கொண்டவருக்குப் பொதுப்பணத்தில் எதற்குப் பங்கு என்கிறார். ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. புகைப்பவரின் நோய் அவரோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அது. நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வு அதை 2003-லேயே தகர்த்துவிட்டது.

சென்னை மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோவும் சகாக்களோடு 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகை கொல்லும் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது நுரையீரல் புற்றுநோய்தானே? மேலைநாட்டு ஆய்வுகள் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இங்கே முன்னால் வந்து நின்றதோ காசநோய். காசநோயால் சாகும் ஆபத்து, புகைக்காத ஆணைவிடப் புகைக்கும் ஆணுக்கு நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகை காரணம் என்று கணக்கிட்டார்கள். காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடம்பில் சும்மா கிடக்கிறது. புகை நுரையீரலின் காவலைக் கெடுத்து அதைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பிய கிருமி இருமலோடு வெளியே வந்தால் யாரைத் தொற்றும்? வீட்டில் இருக்கும் மனைவியை, பிள்ளையை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை. அவர்களில் ஒருவர்கூடப் பீடி பிடித்திருக்க வேண்டியதில்லை. இருமும் அந்தப் புகைப்பவருக்கு மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுக்கப்படும் மாத்திரை, வரி கட்டும் நம் ஆளின் குடும்பத்தையும் சேர்த்துத்தான் காக்கிறது.

"காசநோய்க்குக் கொடுங்கள், புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் நிறுத்துங்கள்" என்று ஒருவர் சொல்லலாம். எப்படி நிறுத்துவது? "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பது நோயைக் கண்டுபிடிப்பதற்காக. உண்மையைச் சொன்னால் சிகிச்சை கிடையாது என்றாகிவிட்டால், அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் மட்டும்தான் வரும். பொய்யான பதிலை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒழுங்காக வைத்தியம் பார்க்க முடியாது. உண்மையே சொன்னாலும் சிக்கல் தீராது. புகைக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. ஆயுள் முழுக்க விறகடுப்பின் முன் உட்கார்ந்த பெண்ணுக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு வருகிறது. ஆய்வுகள் பேசுவது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்து. கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைக் காட்டி, இவர் நோய்க்கு இதுதான் காரணம் என்று தீர்ப்பெழுத அவை உதவாது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1997-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றின்படி, ஒரே வயதினரை ஒப்பிட்டால் புகைப்பவருக்குத்தான் மருத்துவச் செலவு கூடுதல். ஆனால் வாழ்நாள் முழுவதையும் கூட்டினால் புகைக்காதவருக்கே அதிகம் செலவாகிறது, அவர் கூடுதல் காலம் வாழ்வதால். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சாகிறவர்களால் அரசுக்கு லாபம் என்று செக் நாட்டுக்காக ஓர் அறிக்கை தயாரிக்க வைத்த பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் 2001-ல் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. கேட்கத்தானே வேண்டும்! நம் அரசின் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள். சிகரெட் வரி கருவூலத்துக்குப் போகிறது. அரசின் எல்ஐசி வைத்திருக்கும் பங்குகளில் சிகரெட் தயாரிக்கும் ஐடிசியும் உண்டு. குண்டூரில் புகையிலை வாரியம் நடக்கிறது. விற்கும்போது கூட்டாளி, நோய் வந்ததும் அந்நியர் என்றால் எப்படி?

அறுவை சிகிச்சைக்கு முன்னால் சிகரெட்டை விடச் சொல்கிறார்களே, அது தண்டனை இல்லையா என்று கேட்கலாம். புண் ஆறவும் மயக்க மருந்தை நுரையீரல் தாங்கவும் சொல்லும் மருத்துவ யோசனை அது. அவசர நேரத்தில் அதற்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள். புகைப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தொற்றி, நிக்கோடின் பிடித்துவைத்த பழக்கத்தை விடுவிக்க ஆள் வேண்டும். கதவை மூடிவிட்ட மருத்துவமனையால் அது ஆகாது.

நேரம் நெருங்கிவிட்டது, நேயர்களே. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்டு டாலின் ஆய்வில், 50 வயதில் புகைப்பதை விட்டவர்களுக்குச் சுமார் 6 ஆண்டும், 60-ல் விட்டவர்களுக்கு 3 ஆண்டும் ஆயுள் கூடியது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது சட்டைப்பையில் இருக்கும் பாக்கெட்டை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். அதில் அச்சிட்டிருக்கும் எண் 1800 11 2356. புகையிலையை விட உதவும் அரசின் தொலைபேசிச் சேவை அது, கட்டணம் இல்லை.