போர் நிற்பதும் போர் முடிவதும்

(பாடியில் நடைபெற்ற விழாவில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாடி என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் பல பொருள்களைத் தருகின்றன. ஊர் என்பது அவற்றுள் ஒன்று. படை இறங்கித் தங்கும் பாசறை என்பது மற்றொன்று. குடிமக்கள் வாழும் இடத்தையும் போர்வீரர் தங்கும் இடத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி தமிழ். இந்தப் பாடியிலிருந்து அம்பத்தூரைக் கடந்து மேற்கே சென்றால் ஆவடி வந்துவிடுகிறது. அங்கே டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. மத்திய ரிசர்வ் காவற்படையின் முகாமும் இருக்கிறது. பாடியிலோ 1960-களின் தொடக்கத்திலிருந்து வண்டிச் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் இயங்கி வருகின்றன.

அண்டை நாடுகளுக்கிடையே எல்லைப் போர் மூண்டால் அதை நிறுத்துவது எவ்வாறு, நிறுத்தியபின் அதை முடிப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். நிறுத்துவது வேறு, முடிப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பாடியின் தொழிலாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டுச் சாலையில் சரக்கு லாரி பின்னோக்கி உருளத் தொடங்கினால் முதலில் வேண்டுவது பிரேக். நின்ற லாரி மீண்டும் உருளாதிருக்கச் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்க வேண்டும். ஆயினும் கட்டையை நம்பி லாரியை ஆண்டுக்கணக்கில் மேட்டிலேயே விட்டுவைப்பவர் எவருமில்லை. அதைச் சமதளத்துக்குக் கொண்டுசென்றால்தான் கவலை தீரும். போர்நிறுத்தம் என்பது பிரேக். அமைதிகாக்கும் படையும் கண்காணிப்பாளர்களும் சக்கரத்தடிக் கட்டை. இரு தரப்பும் ஏற்கும் தீர்வே சமதளம்.

மூன்று படிகளையும் கடந்து முடிவுக்கு வந்த எல்லைச் சண்டை ஒன்று இந்தியாவின் வரலாற்றிலேயே உண்டு. அது நிகழ்ந்த இடம் குஜராத்தின் கட்ச். சென்னையில் வாழும் குஜராத்திக் குடும்பங்களுள் அந்த மண்ணைப் பூர்விகமாகக் கொண்டவையும் உண்டு.

கட்சின் வடக்கே ரண் என்னும் உப்பு நிலம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் அது நீர்ப்பரப்பு. மற்றக் காலத்தில் வெடித்துக் காய்ந்த வெண்தரை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அதன் வடக்கே சிந்து இருந்தது, தெற்கே கட்ச் சமஸ்தானம் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை முழுமையாக வரையறுக்கப்படவில்லை. 1947-க்குப் பின் அந்தத் தெளிவின்மை இரு நாடுகளின் வழக்காயிற்று. ரண் முழுவதும் தனக்கே உரியது, அதன் வடவிளிம்பே எல்லை என்றது இந்தியா. ரண் கடலைப் போன்றது, ஆகவே எல்லை அதன் நடுவே செல்ல வேண்டும் என்றது பாகிஸ்தான். வழக்குக்குட்பட்ட பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர மைல்.

1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ரண்ணில் சர்தார் காவல்நிலை என்னுமிடத்தில் இருந்த மத்திய ரிசர்வ் காவற்படையின் சிறு பிரிவைப் பாகிஸ்தான் படை தாக்கியது. அப்பிரிவினர் எதிர்த்து நின்றதை நினைந்து அந்தப் படை இன்றும் ஏப்ரல் 9-ஐ வீரத் திருநாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்த மாதம் முழுவதும் சண்டை பரவியது. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் இடைநின்று பேசியதன் பயனாக ஜூன் 30-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. ஜூலை 1 முதல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அந்த உடன்பாடு சுடுவதை நிறுத்துவதோடு நின்றுவிடவில்லை. படைகள் சனவரி 1-ஆம் நாள் இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று அது விதித்தது. அமைச்சர்கள் பேசித் தீர்க்க வேண்டும். இயலாவிடில் மூவர் கொண்ட நடுவர் மன்றம் தீர்க்க வேண்டும். மூவருள் எவரும் இந்தியரோ பாகிஸ்தானியரோ ஆகலாகாது. தரப்புக்கு ஒருவர், தலைவரை இருவரும் இசைந்து தேர்வு செய்ய வேண்டும், இசைவு இல்லையெனில் ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அமர்த்துவார். தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சினம் தணியாத நேரத்திலேயே, சினம் மீண்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைத்த உடன்பாடு அது.

சினம் மீளவும் செய்தது. ஆகஸ்டில் காஷ்மீரில் தொடங்கிய மோதல் செப்டம்பரில் முழுப்போராக வெடித்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் செப்டம்பர் 20-ஆம் நாள் போர்நிறுத்தத்தைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 23-ஆம் நாள் அதிகாலையில் போர் நின்றது. காஷ்மீரில் 1949 முதலே ஐ.நா. கண்காணிப்பாளர்கள் இருந்தனர். காஷ்மீருக்குத் தெற்கே அரபிக்கடல் வரையிலான எல்லைக்குப் புதிய கண்காணிப்புக் குழு ஒன்று அனுப்பப்பட்டது. அதன் அலுவலர்கள் போரிட வந்தவர்கள் அல்லர். இரு படைகளுக்கும் இடையே சென்று, எவர் எங்கே நிற்கிறார், எவர் முதலில் சுட்டார் என்பதைப் பார்த்து எழுதுவதே அவர்கள் பணி. தாஷ்கண்டில் 1966 சனவரி 10-ஆம் நாள் சாஸ்திரியும் அயூப் கானும் கையெழுத்திட்டனர். பிப்ரவரி 25-க்குள் படைகள் பழைய நிலைகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது உடன்பாடு. அவை திரும்பியபின், பணி முடிந்த குழு மார்ச் மாதத்தில் கலைந்தது.

பிரேக் சற்றுத் தாமதித்தால் நேர்வது என்ன என்பதற்குக் கட்சிலேயே ஒரு சான்று உண்டு. செப்டம்பர் 19-ஆம் நாள் குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா, மனைவியோடும் உடன்வந்தவர்களோடும் சிறு பயணிகள் விமானத்தில் கட்ச் எல்லைப் பக்கம் பறந்துகொண்டிருந்தார். பாகிஸ்தான் போர் விமானம் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த எண்மரும் இறந்தனர். போர் நிற்க இன்னும் நான்கே நாள்கள் இருந்தன.

நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 2011-ஆம் ஆண்டில், சுட்ட விமானி தம் முதுமையில், தம்மால் இறந்த இந்திய விமானியின் மகளுக்கு மடல் எழுதினார். மேலிடத்து ஆணைப்படியே தாம் சுட்டதைக் கூறி, அவ்வுயிர்களின் இழப்புக்கு வருந்தினார். அந்த மகள் சில நாள்களிலேயே பதில் எழுதினார். சுட்டவர் மீது தம் குடும்பம் ஒருபோதும் வெறுப்புக் கொள்ளவில்லை என்பதே அதன் சாரம். ஆண்டுதோறும் உற்றாரிடமும் மற்றாரிடமும் மன்னிப்புக் கேட்டு மன்னிப்பு அளிப்பதைக் கடமையாகக் கொண்ட சமூகத்துக்கு இச்செய்தியின் பொருள் விளங்கும். எந்த அரசும் அந்த மடலை எழுதச் சொல்லவில்லை. துப்பாக்கியை அரசாணை நிறுத்தலாம். உள்ளத்துப் பகையை உரியவர்தாம் முடிக்க வேண்டும்.

ரண் வழக்குக்கு மீண்டும் வருவோம். இவ்வளவு பெரிய போருக்குப் பின்னும் ஜூன் மாத உடன்பாட்டை இரு நாடுகளும் கிழித்தெறியவில்லை. இந்தியா யூகோஸ்லாவியரான அலெஷ் பெப்லரையும், பாகிஸ்தான் ஈரானியரான நஸ்ருல்லா எந்தெசாமையும் நடுவராகத் தேர்ந்தன. தலைவர் யார் என்பதில் இசைவு ஏற்படாமையால் பொதுச்செயலாளர் ஊ தாண்ட் டிசம்பரில் சுவீடன் நீதிபதி குன்னார் லாகர்கிரனை அமர்த்தினார். அதே ஆண்டின் இறுதியில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஒரு கை படைக்கலம் செய்தது; மறு கை நடுவரை ஏற்றது. நாட்டைக் காப்பதற்கு இரண்டும் வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர் கருதினர்.

நடுவர் மன்றம் ஜெனீவாவில் கூடிப் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்தது. 1968 பிப்ரவரி 19-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வழக்குக்குட்பட்ட நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கு. ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. பெப்லர் இந்தியாவின் கோரிக்கை முழுவதையும் ஏற்றுத் தனிக்கருத்து எழுதினார். எந்தெசாம் தலைவரோடு இசைந்தார். பாகிஸ்தானின் நிலத்துக்குள் நீண்டு செல்லும் இரு குடாக்களை இந்தியாவுக்குத் தந்தால் அவை ஓயாத உரசலுக்கு இடமாகும் என்று தலைவர் கருதினார். ஆதலால் அவற்றைப் பாகிஸ்தானுக்கு அளித்தார். கோட்டை வரைந்தவர் நேற்றைய ஆவணங்களைப் பார்த்ததோடு நாளைய அமைதியையும் எண்ணினார்.

பாகிஸ்தானுக்குக் கேட்டதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. இந்தியாவுக்கோ பத்தில் ஒரு பங்கை விடுவதும் எளிதாக இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. கட்சுக்குச் சென்று சத்தியாக்கிரகம் செய்தோரும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எல்லைத் தகராற்றைத் தீர்க்கும் இத்தகைய தீர்ப்பை நிறைவேற்ற அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை என்று நீதிமன்றம் 1969 சனவரியில் கூறியது. கொடுத்த சொல்லை அரசு காத்தது. அவ்வாண்டிலேயே எல்லை அளந்து குறிக்கப்பட்டது. 1971-இல் மீண்டும் போர் வந்தபோதும், அது ஓய்ந்தபின் அந்தக் கோடு அப்படியே நின்றது.

கட்டை மட்டும் போதும் என்று இருந்துவிட்டால் நேர்வதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சூயஸ் போருக்குப் பின் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே ஐ.நா. அவசரப்படை நிறுத்தப்பட்டது. காசாவில் காவல் நின்றோருள் இந்திய வீரர்களும் இருந்தனர். பத்தாண்டுகள் அந்த எல்லை பெரிதும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் தீர்வு மட்டும் தேடப்படவில்லை. 1967 மே மாதத்தில் எகிப்து வெளியேறச் சொன்னது. படை விலகத் தொடங்கியது. ஜூனில் போர் வெடித்தபோது, இன்னும் புறப்படாதிருந்த இந்திய வீரர்கள் சிலரும் உயிரிழந்தனர். அமைதிகாப்போர் இரு தரப்பின் இசைவால் நிற்பவர்கள். அவர்கள் வாங்கித் தருவது காலம். அந்தக் காலத்தைப் பயன்படுத்த வேண்டியவர்கள் பகைத்தவர்களே.

ரண்ணின் மேற்கு முனையிலும் ஒரு பாடம் எஞ்சியிருக்கிறது. சர் கிரீக் என்னும் கழிமுகம் அந்தத் தீர்ப்பின் வரம்புக்குள் வரவில்லை. இன்றுவரை தீரவும் இல்லை. தீர்ந்த எல்லையில் தூண்கள் நிற்கின்றன. தீராத கடற்பகுதியில் இருநாட்டு மீனவர்கள் கோடு தெரியாமல் சென்று சிறைப்படுகிறார்கள். காஷ்மீரில் 2003-இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் குலைந்து, 2021 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மீண்டும் மோதல் மூண்டு, அம்மாதம் 10-ஆம் நாள் இரு படைத் தலைமைகளும் தொலைபேசியில் பேசியபின் நின்றது. பிரேக் இன்னும் வேலை செய்கிறது என்பதில் ஆறுதல் உண்டு. வண்டி இன்னும் மேட்டில்தான் நிற்கிறது என்பதையும் மறக்கலாகாது.

பரதனும் பாகுபலியும் படையோடு எதிர்நின்றபோது, இரு தரப்பு அமைச்சர்களும் இடைபுகுந்து படைகள் மோதாமல் தடுத்தனர் என்று சமண மரபு சொல்கிறது. அன்று எண்ணற்ற வீரர்கள் பிழைத்தனர்; அது போர்நிறுத்தம். ஆனால் உடன்பிறந்தாரின் பகை அங்கே முடியவில்லை. வென்ற பாகுபலி, வென்றதைத் தன்னுடையதாகக் கொள்ளாமல் விட்ட கணத்தில்தான் அது முடிந்தது. நாடுகளிடம் துறவை எதிர்பார்ப்பதற்கில்லை. பத்தில் ஒரு பங்கை விடும் துணிவையும், சினத்தில் இருந்தபோதும் கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையையும் எதிர்பார்க்கலாம். 1965-க்கும் 1969-க்கும் இடையே இரண்டு நாடுகள் அதைச் செய்து காட்டின. செய்தவர்கள் மீண்டும் செய்யக்கூடும்.