அடுத்து யாரை அழைப்பது?



பௌதிகவியல் மிஸ் மீடிறன் பற்றிக் கேட்டபோதெல்லாம் முழித்தவள் நான். இன்று அவுஸ்திரேலியாவின் உட்பகுதிக் கிளினிக்குகளுக்குச் சிறு விமானத்தில் போகிறேன்.

ஒருநாள் விமானியிடம் கேட்டேன்: "எந்த இடத்தில் யாரோடு பேசுவதென்று எப்படித் தெரியும்?"

பெரிய விமான நிலையத்தில் தரையில் நகர ஒருவர், ஓடுபாதைக்குக் கோபுரத்தில் இன்னொருவர், மேலெழுந்ததும் வேறொருவர், பிறகு மெல்பேர்ண் அல்லது பிரிஸ்பேன் நிலையம். வரைபடத்தில் எல்லாம் உண்டு. ஆனாலும் கட்டுப்பாட்டு வான்பரப்பில் விமானி தேடி அலைவதில்லை. விடைகொடுப்பவரே அடுத்தவரின் பெயரையும் அலைவரிசையையும் சொல்வார். விமானி அதைத் திருப்பிச் சொல்வார். அங்கே பதில் இல்லையென்றால் பழைய அலைவரிசைக்கே திரும்புவார். கோபுரமில்லாத சிறு தளங்களில், பெரும்பாலும் 126.7இல், விமானிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு திக்கென்றது. பயிற்சிக் காலத்தில் ஓரிரவு ஒரு அம்மாவை வேறு வார்ட்டுக்கு மாற்றினோம். ஒப்படைத்துவிட்டதாக நான் நினைத்தேன்; நான்தான் இன்னும் பொறுப்பென்று அங்கிருந்தவர் நினைத்தார். பொட்டாசியம் கூடியிருந்த இரத்தப் பரிசோதனை முடிவு 4 மணித்தியாலம் யாரும் பாராமல் கிடந்தது. அம்மா பிழைத்தார். அது எங்கள் கெட்டித்தனமல்ல.

இப்போது நோயாளியை அனுப்பும்போது, பொறுப்பேற்பவர் தன் பெயரையும் நான் சொன்னதையும் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கமாட்டேன். பதில் வராவிட்டால் நோயாளி இன்னும் என்னுடையவர். இளம் வைத்தியர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.