வட்டில்லாக் கணினிகளுக்கு மறுவாழ்வு



காலைப் பெரட்டு என்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் ஆட்கள் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று சொல்வார்கள். அதன் பிறகே வேலை தொடங்கும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கணினியும் அப்படிப்பட்டதுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்ப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். பள்ளி திறந்தபோது, எழுத்துக் கூட்டுவதையே மறந்து வந்த பிள்ளைகளைக் கண்டு நாங்கள் கலங்கினோம். பள்ளியிலாவது பிள்ளைகளுக்குப் போதிய கணினிகள் வேண்டும் என்று அன்று எண்ணினோம்.

சில காலம் கழித்து, ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகம் பழைய கணினிகள் பன்னிரண்டைக் கழித்துவிட்டது. அவை புத்தகப் பருமனே உள்ள சிறு பெட்டிகள். உள்ளே வட்டு இல்லை. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றே பலரும் சொன்னார்கள். நாங்கள் கேட்டு வாங்கி வந்தோம்.

வட்டு இல்லாத கணினி எப்படி இயங்கும்? வலைக்கம்பி வழியாக இயங்கும். மின்சாரம் கொடுத்தவுடன் அது, 'எனக்கு முகவரி கொடுப்பவர் யார்? என் வேலை எங்கே இருக்கிறது?' என்று கம்பியில் குரல் கொடுக்கும். வழங்கி எனப்படும் பெரிய கணினி பதில் சொல்லும். முதலில் ஒரு சிறு நிரல் வரும். அடுத்து லினக்ஸின் கரு வரும். பிறகு மற்றவையெல்லாம் வழங்கியின் வட்டிலிருந்தே வரும். பெரட்டுக்கு வெறுங்கையோடு வந்தவருக்குக் கத்தியும் வாளியும் கொடுத்து நிரைக்கு அனுப்புவது போலத்தான் இது.

இந்த முறைக்குப் பி.எக்ஸ்.இ. என்று பெயர். இதை 1990களின் இறுதியில் வகுத்தது இன்டெல் நிறுவனம். 1972இல் நம் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை தொடங்கிய அதே நிறுவனந்தான். 1999இல் அமெரிக்காவின் ஜிம் மெக்குவில்லன் எல்.டி.எஸ்.பி. என்ற திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளும் இம்முறையை எளிதாகப் பயன்படுத்த வழி செய்தார். அதற்கு விலையில்லை, லினக்ஸுக்கும் விலையில்லை.

எங்களுக்கு நேர்ந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். முதல் நாளே பள்ளியின் இணையம் குழம்பிப் போயிற்று. இணையப் பெட்டி ஏற்கெனவே முகவரி கொடுத்துக்கொண்டிருக்க, எங்கள் வழங்கியும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே களத்தில் இரண்டு கங்காணிகள் பெயர் கூப்பிட்டால் என்ன ஆகும்? முகவரி கொடுப்பதை இணையப் பெட்டியிடமே விட்டுவிட்டு, நிரல் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும்படி வழங்கியைத் திருத்தியதும் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து, மாலையில் சரியாக இருந்த கணினி காலையில் எல்லாவற்றையும் மறந்து நின்றது. வலையிலிருந்து இயங்கு என்று நாங்கள் செய்து வைத்த அமைப்பு அழிந்திருந்தது. காரணம், உள்ளே இருந்த காசு வடிவ மின்கலம் செத்துப் போனதே. சில வெள்ளியில் வேறொன்று வாங்கிப் போட்டோம். ஒரு பெட்டிக்கு மின்னழுத்தம் பொருந்தாத மின்மாற்றியைச் செருகிக் கருக்கிவிட்டோம்; அது எங்கள் அவசரத்தின் விலை. இன்னும் இரண்டில் செயலி மிகப் பழையது. தனக்குத் தேவையான வசதி அதில் இல்லை என்று லினக்ஸே மறுத்துவிட்டது. 2025இல் வெளியான டெபியன் 13இல் இவ்வகை 32 பிட் செயலிக்கான கரு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, யாராவது பழைய கணினி தருவதாகச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். செயலி 64 பிட் வகையா? நினைவகம் 2 ஜிகாபைட் இருக்கிறதா? அதற்கே உரிய மின்மாற்றி கூட வருகிறதா? நினைவகம் 1 ஜிகாபைட்டுக்கும் குறைவாக இருந்தால் இன்றைய இணையப் பக்கங்களைத் திறக்கத் திணறும்.

ஒரு குறையும் உண்டு. வழங்கி நின்றால் எல்லாம் நிற்கும். எனவே பிள்ளைகளின் வேலைகளை வாரந்தோறும் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்கிறோம்.

பன்னிரண்டில் ஒன்பது இன்று இயங்குகின்றன. அவற்றில் பிள்ளைகள் தமிழிலேயே தட்டெழுதுகிறார்கள். கணினியில் தமிழ் நமக்குப் புதிதன்று. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியரே. சென்ற மாதம் பள்ளிக்கு வந்த ஒரு தாய், மகள் தட்டிய தம் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, "இதையா இரும்புக் கடைக்குப் போட இருந்தாங்க, சார்?" என்று கேட்டார்.

பெற்றோரே, உங்கள் வட்டாரத்தில் கழித்த கணினி இருந்தால் பள்ளி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழையது என்பதாலேயே ஒன்று பயனற்றதாகிவிடாது. பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். பழுதுபார்ப்பதும் ஒரு பாடந்தான்.