இருவர் கையொப்பமும் மூன்றாமவர் கண்ணும்

 

ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுதலும், மாசினை அது பிறக்கும் இடத்திலேயே தடுத்தலும் ஒரே செயலின் இரு முகங்கள். வீணாகும் எரிபொருள் புகையாகின்றது. வீணாகும் வேதிப்பொருள் கழிவுநீராகின்றது. மாசு என்பது ஆலையினின்று வெளியேறும் வீண்செலவேயன்றி வேறன்று. இதனை உணர்ந்த அரசுகள் பல, சட்டத்தின் கோலை ஓங்குவதோடு நில்லாது, தொழில் முதல்வரோடு தன்விருப்ப உடன்படிக்கை காணும் முறையையும் மேற்கொண்டுள்ளன. சட்டம் கேட்கும் அளவினும் மிகுதியாகக் குறைப்பதாக ஆலையார் உறுதி கூறுவர். அரசு அறிவுரையும் பாராட்டும் வழங்கித் துணைநிற்கும். முறை நல்லதே. ஆயின், அவ்வுறுதி காக்கப்படுகின்றதா எனக் காண்பவர் யார்? எம்மொழியிற் காண்பார்? ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப்புறத்து மக்கள் எழுப்பவேண்டிய வினா இதுவே.

அரசும் தொழில்முதல்வரும் கைகோத்தல் ஓசூருக்குப் புதிதன்று. 1971-இல் தோன்றிய சிப்காட்டு நிறுவனம் இங்கு நிலம் வகுத்துத் தொழிற்பேட்டை அமைத்தது. 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரிலேயே கைக்கடிகை ஆலை கண்டது. ஊதியம் ஈட்டக் கூடிய கைகள், மாசு தடுக்கவும் கூடலாம் அன்றோ? கூடலாம். ஆனால் அதற்கு மூன்றாமவர் ஒருவர் வேண்டும்.

அயல்நாட்டுப் பட்டறிவு ஒன்றைக் காண்க. 1991-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை, 17 நச்சு வேதிப்பொருள்களின் வெளியேற்றத்தை 1988-ஆம் ஆண்டின் அளவினின்று 1992-க்குள் 33 விழுக்காடும் 1995-க்குள் 50 விழுக்காடும் குறைக்குமாறு நிறுவனங்களை அழைத்தது. கட்டாயம் ஏதுமில்லை. ஏறத்தாழ 1,300 நிறுவனங்கள் இணைந்தன. குறித்த 50 விழுக்காடு ஓராண்டு முன்னதாக, 1994-லேயே எட்டப்பட்டது. இவ்வெற்றிக்கு நற்குணம் மட்டுமோ கரணியம்? அன்று. எந்த ஆலை எந்த நஞ்சை எவ்வளவு வெளிவிட்டது என்பதை ஆண்டுதோறும் மக்களறிய வெளியிடவேண்டும் என்று 1986-இலேயே அந்நாடு சட்டம் இயற்றியிருந்தது. தன்விருப்பத்தின் பின்னே ஊரார் கண் இருந்தது.

அச்சட்டம் பிறந்ததற்குப் போபாலும் ஒரு கரணியம் என்பதைத் தமிழர் மறத்தலாகாது. 1984 திசம்பரில் அந்நகரில் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவ்வாலையின் கையேடுகள் தொழிலாளர் பலர் படிக்கவியலாத ஆங்கிலத்தில் இருந்தமை பின்னர்ச் சுட்டிக்காட்டப்பட்டது. தெரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது.

இந்தியாவிலும் இம்முறை உண்டு. 2003 மார்ச்சில் நடுவணரசு, மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களோடு கலந்து, சட்டம் கேட்பதற்கு மேலும் செய்வதற்கான பொறுப்பு ஆவணம் ஒன்றை வெளியிட்டது. 2006-இல் மின்கருவிகளுக்கு விண்மீன் குறியிடும் திட்டம் தன்விருப்ப முறையில் தொடங்கிற்று. 2010-இல் சில கருவிகளுக்குக் கட்டாயமாயிற்று. இவ்விரண்டனுள் மக்கள் அறிந்தது எது? விண்மீன் குறியே. எழுத்தறியாத மூதாட்டியும் குளிர்ப்பெட்டியின்மேல் ஐந்து விண்மீனை எண்ணிவிடுவாள். மக்கள் படிக்கக் கூடிய குறி மக்களிடம் சென்றது. ஆங்கில ஆவணம் அலுவலகத்தே தங்கிற்று.

பட்டறைக்குள்ளும் இவ்வுண்மை விளங்கும். கம்பிரசர் எனத் தொழிலாளர் வழங்கும் காற்றமுக்கியின் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஒரு பார் உயர்த்தி வைத்தால் மின்செலவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். விசிறியொன்றின் ஓட்டத்தை வேகங்குறைத்து ஐந்தில் ஒரு பங்கு தணித்தால், அதற்கு வேண்டும் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகும். குழாய்க் கசிவின் சீறலை முதலிற் கேட்பவன் தணிக்கையாளன் அல்லன். இரவு முறையில் நிற்கும் தொழிலாளியே. முலாம் பூசும் தொட்டியில் அலசும் நீர் வீணே வழிவதைக் காண்பவனும் அவனே. ஆற்றல் தணிக்கை அறிக்கையை அவன் மொழியில் தாராத ஆலை, தன் காதையும் கண்ணையும் தானே கட்டிக்கொள்கின்றது.

இனி, ஆற்றைப் பாருங்கள். நந்திமலையிற் பிறந்து பெங்களூர்ப் புறத்தே வரும் தென்பெண்ணை, கொடியாளத்தருகே தமிழ்நாட்டிற் புகுந்து கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் கழிவும் இவ்வாற்றிற் சேர்கின்றது. பெல்லந்தூர் ஏரி 2017-இல் தீப்பற்றி எரிந்ததை உலகம் கண்டது. கெலவரப்பள்ளியில் நுரை மலைபோற் பொங்குவதை ஓசூர் உழவர் பன்முறை கண்டுள்ளனர். கருநாடகத்தை வினவும் உரிமை தமிழர்க்கு முழுமையும் உண்டு. ஆயின், அயலானை வினவும் வாய்க்குத் தன் வீட்டுக் கணக்கும் வெளிப்படையாதல் வேண்டும். எல்லைக்கு இப்பாலுள்ள ஆலைகளின் அளவுகள் தமிழில் ஊரறிய இருப்பின், அப்பாலுள்ள அளவுகளையும் துணிந்து கேட்கலாம்.

கண்காணாத உறுதி என்னாகும் என்பதற்குத் திருப்பூர் சான்று. நொய்யலின் குறுக்கே 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு எழுந்தது, சாயக்கழிவின் தொட்டியாயிற்று. கெடுவின்மேல் கெடு தரப்பட்டது. முடிவில் 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவனும் இழந்தான், தொழிலாளியும் இழந்தான்.

மக்கள் கண்ணைத் திறக்கும் வழி சட்டத்திலேயே உண்டு. தீங்குறு கழிவுகளைக் கையாளும் ஆலைகள் தம் வேதிப்பொருள், கழிவு விளத்தங்களை வாயிற்பலகையில் எழுதி வைக்கவேண்டும் என 2003-இல் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. தமிழே ஆட்சிமொழி என 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் 2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது! எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவணரசோ அதனை ஏற்காது உச்ச முறைமன்றம் சென்றது. படிக்கவியலாத மொழியில் கருத்துக் கேட்பது, காதடைத்துப் பேர் கேட்பதை ஒக்கும்.

ஆகவே ஓசூர் மக்கள் கேட்கவேண்டுவன மூன்று. ஒன்று, அரசும் ஆலையும் காணும் ஒவ்வோர் உடன்படிக்கையும் தமிழில் எழுதப்பெற்று ஊராட்சியிற் கிடைத்தல் வேண்டும். இரண்டு, ஆலை வாயிற்பலகை நல்ல தமிழில், அவ்வப்போது புதுக்கிய எண்களோடு நிற்றல் வேண்டும். மூன்று, ஆற்றல் தணிக்கையும் மாசுத் தணிக்கையும் தொழிலாளர் முன் தமிழிற் படிக்கப்பெறல் வேண்டும். எல்லைப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உளராகலின், அவர்தம் மொழியிலும் கூடவே எழுதுக. தமிழுக்குக் கேட்கும் நயன்மையைத் தமிழர் பிறர்க்கு மறுப்பதில்லை.

தூய தமிழ் வேண்டும் என்பார், அத்தமிழ் ஏட்டில் மட்டும் தூய்தாயிருத்தல் போதாது என்பதை உணர்க. அது ஆலை வாயிலில் நிற்கவேண்டும்; ஆற்றங்கரையில் நிற்கவேண்டும். அரசும் ஆலையும் இடும் கையொப்பங்கள் இரண்டு. அவற்றைப் படித்துக் காக்கும் கண்கள் மக்களுடையன. அக்கண்களுக்கு ஒளி தமிழ்.

வெல்க தமிழ்!