கையைப் பிடிப்பதும் விடுவதும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



என் அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியர். பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலக்கை செயலிழந்தது. நல்லவேளையாகப் பேச்சு தப்பியது. இயந்திரப் பொறியாளனான நான், அவரது கைக்குப் பயிற்சி தரும் ரோபோ கையுறை ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினேன்.

முதல் மாதிரியில், விரல்நுனிகளில் கட்டிய நூல்களைச் சிறு மோட்டார் இழுத்து விரல்களை மடக்கும். என் கையில் அருமையாக வேலை செய்தது. அம்மாவின் கையில் மாட்டவே முடியவில்லை. பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு மடக்கும் தசைகள் இறுகி, விரல்கள் மூடிக்கொள்ளும். அவர்களுக்குப் பெரும்பாடு விரல்களை விரிப்பதுதான். அவர் கையைப் பார்க்காமல் என் கையை வைத்தே வடிவமைத்தது என் தவறு.

நூல்களைப் புறங்கைப் பக்கம் மாற்றினேன். இழுத்தால் விரல்கள் விரியும். உள்ளே நுழைக்கும் உறைக்குப் பதில், மேலே வைத்துக் கட்டும் வெல்க்ரோ பட்டைகள். சோர்ந்த கைக்குச் சிறு எடையும் பாரம் என்பதால் மோட்டாரும் பேட்டரியும் இடுப்புக்குப் போயின. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மென்கையுறையிலும், நீரழுத்தத்தால் வளையும் ரப்பர் போன்ற குழல்கள் மட்டுமே கையில். பம்பு இடுப்புப் பட்டையில்.

அடுத்து வேறொரு சிக்கல். முழு வேலையையும் மோட்டாரே செய்தது. "கையைப் பிடிச்சுக்கிட்டே எழுத வெச்சா பிள்ளை எப்படா தானா எழுதும்?" என்று அம்மா கேட்டார். பாடப்புத்தகத்தில் படித்திருந்தும் நான் கோட்டைவிட்ட இடம் அது. நோயாளி தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அந்த அசைவை மீண்டும் கற்கும்.

எனவே விரலில் ஓர் உணரியைப் பொருத்தினேன். இப்போது மோட்டார் காத்திருக்கும். அம்மா விரலை அசைக்கத் தொடங்கிய பின்பே, எட்டாத மிச்சத் தூரத்துக்கு உதவும். முன்னேற்றத்தைப் பார்த்து உதவியைக் குறைத்துக்கொண்டே வருகிறோம்.

இயன்முறை மருத்துவரின் பயிற்சியும் சேர்ந்து, இன்று அம்மா வலக்கையால் டம்ளரைப் பிடிக்கிறார், விடவும் முடிகிறது. சாக்பீஸ் இன்னும் வசப்படவில்லை. தினமும் முயல்கிறார்.

அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் கருவி செய்யும்போது, "இதை யார் பயன்படுத்துவார்? அவரிடம் பேசினாயா?" என்று முதலில் கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தாமதமாகத்தான் கிடைத்தது.