மரிம்பாவின் மந்தரக் குரல்: கெய்கோ அபே

மரிம்பா என்பது வரிசையாக அடுக்கப்பட்ட மரச்சட்டங்களை, நூல் சுற்றிய தலையுடைய கோல்களால் தட்டி வாசிக்கும் கருவி. ஒவ்வொரு சட்டத்தின் கீழும் அதன் சுருதிக்கேற்ற நீளமுள்ள குழாய் ஒன்று தொங்கி, எழும் ஒலியை வாங்கிப் பெருக்குகிறது. ஆப்பிரிக்க மரபில் வேர்கொண்டு, குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியிலும் மக்கள் கருவியாக வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் வழியே கச்சேரி மேடைக்கு வந்த இக்கருவிக்கு, அம்மேடைக்கென எழுதப்பட்ட சொந்த இசை மிகக் குறைவாகவே இருந்தது. பிற கருவிகளுக்கு எழுதியவற்றை மாற்றியமைத்து வாசிப்பதே பெரும்பாலும் வழக்கம். அந்த நிலையை மாற்றியவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் ஜப்பானியக் கலைஞர் கெய்கோ அபே.

1937இல் டோக்கியோவில் பிறந்த அபே, முதலில் பயின்றது மரிம்பாவின் உறவுக் கருவியான ஸைலோஃபோன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது: அடியில் குடைந்தெடுக்கும் அளவைக் கொண்டே ஒரு சட்டத்தில் மூல ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும் துணை ஸ்வரம் அமைகிறது. மூல ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், ஸைலோஃபோனில் அத்துணை ஸ்வரம் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஆழமாகக் குடையப்படும் மரிம்பாவிலோ இரண்டு ஸ்தாயிகளுக்கு மேலுள்ள ஷட்ஜம். முன்னதன் கூர்மையும் பின்னதன் கனிவும் இதிலிருந்தே பிறக்கின்றன. 1950இல் லாரன்ஸ் லகூர் என்ற அமெரிக்க மதபோதகர் ஜப்பானுக்கு மரிம்பாக்களைக் கொண்டுவந்தபோது, மாணவியாக இருந்த அபே அந்தக் கனிவில் தம் வாழ்நாள் பணியைக் கண்டுகொண்டார்.

அவர் செய்த பெருஞ்செயல், தம் நாட்டு இசையமைப்பாளர்களை அணுகி மரிம்பாவுக்கெனப் புதிதாக எழுதச் செய்தது. 1968இல் டோக்கியோவில் அவர் நடத்திய தனிக் கச்சேரியில் மினோரு மிக்கியின் 'டைம் ஃபார் மரிம்பா' அரங்கேறியது; அடுத்த ஆண்டு மிக்கி மரிம்பாவுக்கும் வாத்தியக் குழுவுக்குமான பேரிசைப் படைப்பு ஒன்றையும் எழுதினார். ஒரு கருவி கலைக்கருவியாக நிலைபெறுவது வாசிப்பவரின் வேகத்தால் அன்று, அதில் மட்டுமே பொருள்படும் இசை எழுதப்படுவதால்தான் என்பதை இப்படைப்புகள் மெய்ப்பித்தன.

இசை வளர்ந்தபோது கருவியும் வளர வேண்டியதாயிற்று. யமஹா நிறுவனத்தோடு அபே நீண்டகாலம் இணைந்து உழைத்ததன் பயனாக, 1984இல் ஐந்து ஸ்தாயி மரிம்பா உருவாகி, அகன்று நீண்ட சட்டங்களில் மந்தர ஸ்தாயி முழுமை பெற்றது. கைக்கு இரண்டாக நான்கு கோல்களும், சில இடங்களில் ஆறு கோல்களும் பிடித்து, மென்மையான கோலைத் தாழ்ந்த ஸ்வரங்களுக்கும் கடினமானதை உயர்ந்தவற்றுக்கும் வைத்துக்கொள்ளும் அவர் வாசிப்பில், ஒரே கருவி பல குரல்களில் பேசியது.

'மிச்சி' போன்ற அவருடைய சொந்தப் படைப்புகள் மேடையில் அப்போதைக்கப்போது கற்பனையாக வாசித்தவற்றிலிருந்து முளைத்தவை. கட்டுக்கோப்பில் அவை மிக்கியின் படைப்புகளுக்கு நிகராகா. ஆயினும் கைகளும் மரமும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் இயல்பு அவற்றில் கூடுதல். டோஹோ இசைக் கல்லூரியில் அவர் பலரைப் பயிற்றுவித்தார். 1993இல் உலகத் தாளவாத்தியக் கலைஞர்களின் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

சிறிய ஒலிபெருக்கிகளில் மந்தர ஸ்வரங்கள் தேய்ந்துவிடுவதால், நேயர்கள் அபேயின் ஒலிப்பதிவுகளை நல்ல ஒலிபெருக்கியிலோ காதொலிக் கருவியிலோ கேட்க வேண்டும். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்தத் தாழ்ந்த ஸ்வரங்களை முதலில் கேட்க வேண்டும்.